ஆட்காட்டிக்கு விட்ட அரை ஏக்கர்

மார்ச் 4
இடுப்பு ஒடிந்துவிட்டது. மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால், அண்ணன் மறுபடியும் ஓடையோரத்து அரை ஏக்கரைப் பற்றி ஆரம்பித்தார். அதை உழாமல் ஆட்காட்டிக் குருவிகளுக்கு விட்டது என் பிடிவாதம்தான். நிலம் எங்கள் இருவருக்கும் பொது. வீட்டில் வயிறுகள் ஏழு.

"சோறு போடற நிலத்துல குருவிக்குக் குடித்தனமா? இந்த ஒரு போகம் பாக்கறேன். குஞ்சு பொரிக்கலைன்னா உழுதுருவேன்."

சரி என்றேன். வாதாடத் தெம்பில்லை.

மார்ச் 9
ஐந்து கூடு. கூடு என்பதே அதிகம். வெறும் தரையில் நாலு நாலு முட்டை, மண்கட்டி நிறத்தில். மேட்டு வயலுக்கு டிராக்டர் அந்தத் துண்டு வழியாகத்தான் போயாக வேண்டும்.

"எனக்கு முட்டை எது, மண்ணு எதுன்னே தெரியலக்கா. ஏதாவது அடையாளம் வைங்க" என்றார் டிராக்டர்காரர்.

பழைய சிவப்புத் துணியைக் கிழித்துக் குச்சிகளில் கட்டி, ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும் நட்டேன்.

மார்ச் 10
டிராக்டர் வளைந்து வளைந்து போனது. ஒரு முட்டைகூட நசுங்கவில்லை. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மார்ச் 14
ஒரு கூடு காலி. கீரியாக இருக்குமோ?

மார்ச் 17
கீரி இல்லை, காக்கை. கண்ணால் பார்த்தேன். ஒரு குச்சியில் உட்காருது, இறங்கிக் கொத்துது, நேரா அடுத்த குச்சிக்குப் பறக்குது. தேடக்கூட இல்ல. அதான் நான் ஒவ்வொண்ணுக்கும் விலாசம் எழுதி வச்சிருக்கேனே! ஆட்காட்டி தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துது —

ஓடிப்போய் எல்லாக் குச்சியையும் பிடுங்கினேன். என்ன பிரயோசனம்? கடைசிக் கூட்டில் மிஞ்சியது ஒரே முட்டை, அதிலும் ஓட்டை. யாரைத் திட்டுவது?

மார்ச் 18
களை எடுத்தேன். அந்தப் பக்கம் போகவில்லை.

மார்ச் 20
அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன், குச்சி விஷயம் உட்பட. கத்துவார் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

"உழுதுடலாம்ணே" என்றேன். சொன்னதும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

ஏப்ரல் 2
உழவு என்று போய்ப் பார்த்தால், அரை ஏக்கர் அப்படியே கிடக்கிறது. அண்ணன் எதிர்ப்பக்கம் நின்று, விளைந்துகொண்டிருக்கும் மக்காச்சோளத்தில் மூன்று வரிசையை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். மேட்டு வயலுக்கு டிராக்டர் இனி அந்த வழியாகப் போகுமாம்.

"டயரே வராத இடத்துல எதுக்குக் குச்சி? அடுத்த வருஷமும் இந்தத் துண்டைச் சும்மா விடு" என்றார், நிமிராமலே.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷமா என்றுதான் முதலில் தோன்றியது.