அழிக்கச் சொன்ன இடம்

போன செவ்வாய்க்கிழமை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். சுங்குவார்சத்திரத்தில் புதிதாக வந்திருக்கிற லேப். ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன் எல்லாம் உண்டு. அங்கே இருந்த பெண் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், பதில் சொல்லத் தயாராக. அவள் ஒன்றுமே கேட்கவில்லை. குத்தினாள், எடுத்தாள், "கைய மடக்கிக்கோங்க அங்கிள்" என்றாள். உலக நடப்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே என் ரத்தம் போய்விட்டது. வெளியே வந்து வண்டியில் சாய்ந்து அழுதேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அழவில்லை. எதிர்க்கடையில் போண்டா தின்றேன்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'மேடம்', 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். நீ என்னை 'யோவ்' என்பாய். இப்போது துணிந்து 'நீ' போடுகிறேன். திட்டுவதற்கு ஆள் இல்லை என்கிற தைரியம். எனக்கு இருக்கிற தைரியம் எல்லாமே இந்த வகைதான் என்பது உனக்குத் தெரியும். உன் பெயரில் ஒரு பழி இருக்கிறது. அது என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போண்டா எல்லாம் அதைத் தள்ளிப்போடுகிற வேலை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் நிலமெல்லாம் காம்பவுண்டு சுவர் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. தெற்கே இருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்து இறங்கின. கம்பெனி கேட்டைத் தாண்ட இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் என் டி.டி.பி. கடையில் அடித்த பயோடேட்டா. இன்னொன்று, சத்திரத்துக் கிளினிக்கில் நீ ரத்தம் எடுத்துக் கொடுக்கும் மெடிக்கல் ரிப்போர்ட். நான் அடிப்பதில் பாதி பொய், நீ அடிப்பது முழுக்க நிஜம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். நம் இருவரையும் சேர்த்து பஸ் ஸ்டாண்டில் ஒரு வதந்தி ஓடியது. கிளப்பியது நான்தான் என்று கடைசிவரை சந்தேகப்பட்டாய். பாதிதான் உண்மை.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் கவனத்தைத் திருப்ப மற்ற லேப்காரர்கள் 'எந்த ஊரு, சாப்டியா' என்று கேட்பார்கள். நீ நரம்பைத் தேடிக்கொண்டே, "ஈராக்ல குண்டு போட்டுக்கினே கீறான், நீ இன்னா நெனைக்கிற?" என்பாய். ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் ஊசி போய் வந்தது தெரியாமல் கால் மணி நேரம் பதில் சொன்னான். அவனுக்குப் பின்னால் கியூவில் நின்றவர்கள் உன்னைத் திட்டினார்கள். நீ திருப்பித் திட்டினாய்.

"மந்திரிகிட்ட கேக்கறான், நடிகர்கிட்ட கேக்கறான். லைன்ல நிக்கிற பொண்ணுக்கு அபிப்பிராயம் இருக்காதாயா?" என்று ஒருநாள் என் கடையில் வந்து கேட்டாய். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை ஒரு சின்னப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. சில சமயம் மூன்று மாதம் ஆறு மாதமாகும். அதற்குப் பக்கம் வடிவமைப்பது நான். அதில் உன் நேர்காணல்கள் வர ஆரம்பித்தன. கிளினிக்குக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், பின்னறையில், என்னுடைய டேப் ரிக்கார்டரில் பதிவு. ஒரு ஆளிடம் இரண்டு மணி நேரம். சண்டை, தேர்தல், சாதி, சினிமா, அப்புறம் கம்பெனியில் அவர்கள் நின்று வேலை பார்க்கிற லைன். கேட்பது நீ; கேசட்டிலிருந்து எழுதி அச்சுக்குத் தயார் செய்வது நான். அப்போது என் ஜோக்குகள் இரண்டு வார இதழ்களில் வந்திருந்தன என்பதால் என்னை ஒரு எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வியாதிக்கு உன் லேபில் டெஸ்ட் இல்லை.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாய். பேசி முடித்ததும் முழுக்க ஒருதரம் போட்டுக் காட்டுவாய். பேசியவர் எந்த இடத்தை வேண்டாம் என்கிறாரோ அதை அவர் கண் முன்னாலேயே அழிப்பாய். அழிப்பது என்றால், அந்த இடத்தின் மேலேயே வெறும் சத்தத்தைப் பதிவது. ரிக்கார்டு பொத்தானை அமுக்கிவிட்டு விரலை உதட்டில் வைப்பாய். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். மின்விசிறி மட்டும் ஓடும். "சொன்னது அவங்களுது. வோணாம்னா வோணாம். நம்ம காதுலேந்தும் அழிஞ்சிடணும்" என்பாய்.

அப்படித்தான் அந்தப் பெண்ணும் வந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம். கார்களுக்குள் போகிற வயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டும் கம்பெனியில், காண்ட்ராக்டில் இருந்தாள். உலகம் என்றால் என்ன நினைக்கிறாய் என்று கேட்டாய்.

"நாங்க கட்டுத வயரு டப்பால ஏதோ ஊரு பேரு ஒட்டிருக்கும் எக்கா. அந்தப் பக்கம் சண்டைன்னா கார் வாங்க மாட்டாவளாம். எங்களுக்கு ஓ.டி. இல்லம்பாவ. குண்டு அங்கன விழும், இங்க லைன் நிக்கும். ஒலகம் எங்க இருக்குன்னு கேட்டா, எங்க லைன் கடைசில டப்பா ஒட்டுத எடத்துல இருக்குன்னுதான் சொல்லுவேன்."

நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாய். அதற்கப்புறம் லைனைப் பற்றிக் கேட்டாய். ஒரு லைனுக்கு இரண்டே இரண்டு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டினால்தான் பாத்ரூம் போகலாம். அட்டை திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

"வெளிநாடு போறவன் விசாவுக்கு நிக்கான். நாங்க ஒண்ணுக்குப் போவ விசாவுக்கு நிக்கோம். கெடைச்சாலும் அஞ்சு நிமிசந்தான். அதுக்கு மேல தங்குனா நாடு கடத்திருவாவ."

நான் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தேன். நீகூடச் சிரித்தாய். போட்டுக் காட்டியபோது அவள் முதலில் சொன்னதே இதைத்தான்: "அந்த விசாவ மட்டும் எடுத்துருங்க எக்கா. அத நாந்தான் சொல்லுவேம்னு லைன்ல எல்லாத்துக்கும் தெரியும்." நீ பொத்தானை அமுக்கினாய். விரலை உதட்டில் வைத்தாய். மின்விசிறி ஓடியது. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். இருந்தும் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்துவிட்டது. நீ முறைத்தாய்.

கேசட்டிலிருந்து அழிந்தது. என் காதிலிருந்து அழியவில்லை, மேடம். எழுத உட்கார்ந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதுவரைக்கும் நான் சொந்தமாக எழுதிய எல்லா ஜோக்கையும் ஒன்றாகக் கட்டினாலும் அந்த நாலு வரிக்கு ஈடாகாது. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், கம்பெனியில் வயருக்குப் பதிலாக வேறெதையோ போட்டேன். இத்தனை மாற்றிய பிறகு ஒரு சிரிப்பு இருந்தால் என்ன என்று அதையும் போட்டேன். தலைப்பாகவே போட்டேன்: 'ஒன்றுக்குப் போக விசா.' பத்திரிகை வந்ததும் அந்தப் பக்கத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். கம்பெனி பஸ்கள் நிற்பது என் கடை வாசலில்தான். நின்று படித்தார்கள், சிரித்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, சிரிக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நீ வந்தாய். கண்ணாடி முன்னால் நின்று முழுக்கப் படித்தாய். அப்புறம் நகத்தால் சுரண்டிப் பிய்த்தாய்.

"அழிச்சோமேயா."

"பேர மாத்திட்டேனே மேடம்."

"பேர மாத்தினா வாய் மாறுமாயா?"

நீ பிய்த்தது லேட். மறுநாள் காலை செல்வியைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பெனி கார்டை வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி கார்டு இல்லாதவர்களுக்கு ஹாஸ்டலிலும் இடம் கிடையாது. வேலையும் படுக்கையும் ஒரே நாளில் போய், பையைத் தூக்கிக்கொண்டு அவள் நேராக எங்கே வந்தாள் தெரியுமா? உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் இருந்தாய். என் கடைக்கு. வேறு இடத்தில் வேலை தேட, புது பயோடேட்டா அடிக்க.

"கேட்டுல சூப்பர்வைசர் சிரிச்சாவ எக்கா," என்றாள் உன்னிடம். "'இன்னாம்மா, விசா முடிஞ்சிடுச்சு'ன்னாவ. சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சாவ. நான் அழிக்கச் சொன்னேம்லா? என் முன்னாடிதான அழிச்சிய? பொறவு எப்படி வந்துச்சு?"

நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிண்டரில் ஒரு காகிதமும் சிக்கவில்லை.

"என் தப்புதாம்மா," என்றாய். "மனசுல இருந்தத எழுதிக் குடுத்துட்டேன். மறந்துட்டேன்."

அவள் உன்னைத் திட்டவில்லை. "உங்கள நம்பித்தான பேசுனேன்" என்று மட்டும் சொன்னாள். நான் பயோடேட்டா அடித்தேன். அவள் பெயரில் இரண்டு பிழை விட்டேன், அவள்தான் திருத்தினாள். அதை வைத்து அந்த ரோட்டில் அவளுக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. காண்ட்ராக்டர்கள் பேசிக்கொள்வார்கள் அல்லவா? இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய்விட்டாள்.

அவள் அன்று கடையை விட்டு இறங்கியதும் ஏன் பழியை உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். "என்கிட்ட பேசாங்காட்டி அதுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. உங்கிட்ட வராங்காட்டி வேலைக்கு எங்கயா போவும்? ஆனா ஒண்ணு, இத்த என்னிக்காச்சும் நீயே அவகிட்ட சொல்லணும்" என்றாய். அதற்குப் பிறகு ஏழு மாதம் என்னிடம் பேசவில்லை. அதைவிட மோசம், உன்னிடம் யாருமே பேசவில்லை. சத்திரத்து அறைகளில், ஹாஸ்டல்களில் எல்லாம் செய்தி போய்விட்டது. ஊசி போடும்போது நீ ஈராக்கைப் பற்றிக் கேட்டால், 'தெரியாதுங்க மேடம்' என்று சுவரைப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் நீயும் 'எந்த ஊரு, சாப்டியா' என்று கேட்க ஆரம்பித்தாய். நான் அதை என் காதால் கேட்டேன். கிளினிக் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

வருஷங்கள் ஓடின. உன் கிட்னி போனதை நீயே கண்டுபிடித்தாய். "என் ரிப்போர்ட்ட நானே அடிச்சேன்யா, ஒரு எடத்துலகூட மிஸ்டேக் இல்ல" என்று சிரித்தாய். போன வருஷம் குன்றத்தூரில் உன் வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் வீங்கிப் போயிருந்தது. அந்தப் பழைய டேப் ரிக்கார்டரை எங்கிருந்தோ எடுத்து வைத்தாய். "எல்லாரையும் கேட்டாச்சு. உன்ன கேக்கவே இல்ல. பேசு" என்றாய். ஒரு மணி நேரம் பேசினேன். அரசியல், எலெக்‌ஷன், உன் தெருவில் யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பது வரைக்கும். நீ வலியோடு சிரித்தாய். முடிந்ததும் சட்டப்படி முழுக்கப் போட்டுக் காட்டினாய்.

"எதுனா அழிக்கணுமா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"அழிக்கிற மாரி நீ ஒண்ணுமே சொல்லலியேயா," என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு. அப்புறம் நான் வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை.

காரியம் முடிந்து உன் தங்கை ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே உன் கையெழுத்து: 'வயர் – உலகம்.' போட்டுக் கேட்டேன். அழித்த இடத்தில் மின்விசிறி ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒருவன் மூக்கால் சிரிக்கிறான்.

செல்வி சத்திரத்துக்கே கல்யாணமாகி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வருவாள், 'அண்ணாச்சி' என்பாள். அதாவது, பத்து வருஷமாக மாதம் ஒருமுறையாவது என் எதிரில் வந்து நின்றிருக்கிறாள். நீ போன செய்தியைச் சொன்னபோது, "கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. நல்ல அக்காதான். வாயிதான் நிக்காது" என்றாள். சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் எடுங்கள் என்று ஆதார் அட்டையை நீட்டினாள். இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன்.

மேலே இருக்கிறதையெல்லாம் எழுதி, நேற்று அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். விசா வந்த இடத்தில் அவளே சிரித்துவிட்டாள். பிரிண்டர் வந்த இடத்தில் கை நின்றது. அப்புறம் கீரையைத் தொடவே இல்லை.

வாசித்து முடித்தேன். "அக்கா செத்ததுக்கு நான் போவல அண்ணாச்சி," என்றாள். "குன்றத்தூர் பஸ்ஸு எங்க வாசல்லதான் நிக்கி. போவல."

எந்த இழவு வீட்டிலும் எனக்கு ஒரு ஜோக் வரும். அங்கே வரவில்லை. உன் சட்டம் ஞாபகம் வந்தது. "எதாவது அழிக்கணுமாம்மா?" என்று கேட்டேன்.

"விசா கெடக்கட்டும். அது நான் சொன்னதுதான. பிரிண்டரும் கெடக்கட்டும்." காகிதத்தை வாங்கி, ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "இத எடுத்துருங்க." நான் வாசலில் செருப்பு மாட்டும்போது, "இனி ஜெராக்ஸுக்கு வேற கடைக்குப் போயிக்கிடுதேன்" என்றாள்.

எடுத்துவிட்டேன். இந்த மடலில் எங்கோ ஓர் இடத்தில் நாலு வரி இல்லை. அன்று அந்தப் பின்னறையில் அவள் சொன்ன இன்னொன்று அது. விசாவைவிடப் பெரிய சிரிப்பு. நாக்கு நுனியிலேயே நிற்கிறது. அது என்னவென்று, அன்று கேட்ட உங்களிடம்கூடத் திரும்பச் சொல்ல மாட்டேன், மேடம்.