மைசூரில் ஒரு வீடு

சாம்பியன் ரீப்ஸ்
4 மார்ச் 2024

என் போன் நம்பரைப் பூட்டி வைத்திருக்கும் மகாராணி ஐடாவுக்கு,

உன் புருஷன் ஹரோல்ட் எழுதுவது. இங்கே நான், சேவல், ஒழுகும் கூரை மூவரும் சுகம். நீயும் சுகமாய் இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நீ என்னை பிளாக் பண்ணலாம். ஸ்வீட்டியை பிளாக் பண்ண முடியாது இல்லையா? தினமும் விடியற்காலை பாசஞ்சர் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவள். அவள் டிபன் பையில் இந்தக் கடுதாசி வரும். சாம்பார் வாசம் அடித்தால் அவளைத் திட்டு. எழுத்து தப்பாய் இருந்தால் என்னைத் திட்டு. நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது உனக்குத் தெரியாததா?

நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு புது மாப்பிள்ளை வந்திருக்கிறார். ஊரிகத்து ரிச்சர்ட் இருக்கிறானே, என்னோடு கோலி விளையாடினவன், அவன் காரு. பானெட் தகரமே இல்லை. கார்பன் பைபராம். கறுப்பு நூலில் பாய் மாதிரி பின்னி, பிசினில் ஊற வைத்து, மேலே கண்ணாடி மாதிரி லாக்கர். பின்னல் தெரிவதுதான் அதன் அழகே. வெயிலில் நின்று நின்று லாக்கர் மஞ்சளாகி, மோர் தெளித்த மாதிரி வெளுத்து, ஓரமெல்லாம் என் முதுகு மாதிரி உரிகிறது. பெங்களூர் கடைக்காரன் கழற்றி எறி, புதுசு போடு என்றானாம். ரிச்சர்டுக்கு மனசு வரவில்லை.

"இன்னாடா ஹரோல்ட், உன்னால ஆவுமா?" என்றான்.

"ஆவும். ஆவலன்னா காரை எங்க சேவலுக்குக் கூண்டா குடுத்துடு" என்றேன்.

தகர வண்டி என்றால் எனக்குத் தூக்கத்திலும் வரும். ஒடுங்கினால் தட்டு, பட்டி போடு, தேய், பெயிண்டு அடி. உள்ளே இருக்கிற அசிங்கம் யாருக்குத் தெரியும்? இது அப்படி இல்லை. பட்டி போட்டால் பின்னல் மறைந்துவிடும். பழைய லாக்கர் மேலேயே புதுசு அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும். வாட்டர் பேப்பரில் தண்ணி விட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளைத் தண்ணி வருகிற வரைக்கும் லாக்கர். கறுப்புத் தண்ணி வந்தால் நூலையே அறுத்துவிட்டோம் என்று அர்த்தம். கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

மற்றபடி விசேஷம் இல்லை. சேவல் மட்டும் காலையில் உன் பேரைச் சொல்லித்தான் கூவுகிறது. கேட்கப் பாவமாய் இருக்கிறது.

இப்படிக்கு,
சேவலின் சார்பாக,
ஹரோல்ட்

*

பெங்களூரு
8 மார்ச் 2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கடுதாசி வந்தது. சாம்பார் இல்லை, எலுமிச்சை ஊறுகாய். ஹாஸ்டல் பெண்களுக்கெல்லாம் தோசை ஊற்றி முடித்துவிட்டுப் படித்தேன். சிரிப்பு வந்தது. உங்களிடம் எனக்கு அதுதான் கஷ்டம்.

என் தங்கை சுமா செத்த வீட்டில் நான் அழுதுகொண்டிருந்தபோது காதில் ஏதோ சொன்னீர்கள். அத்தனை பேர் முன்னால் நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சொன்னது மறந்துபோயிற்று. நான் சிரித்தது மறக்கவில்லை. அதற்கப்புறம் அவளைப் பற்றி வாய் திறந்தாலே ஒரு ஜோக்கைத் தூக்கி மேலே போட்டீர்கள். அந்த வீட்டில் எனக்கு அழ இடமில்லை. அதனால்தான் வேலை கிடைத்ததும் இங்கே வந்தேன். வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஒன்று கேட்கிறேன். சேவல் கூப்பிடுகிறதா, நீங்கள் கூப்பிடுகிறீர்களா? போனில் பேசிய நாட்களிலும் சேவல், கூரை, பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா என்று ஊரே என்னைத் தேடியது. நீங்கள் தேடியதாக ஒரு நாளும் சொன்னதில்லை.

சேதி ஒன்று. ஈஸ்டர் கழிந்ததும் நான் மைசூரில் இருப்பேன். ஹாஸ்டல் நடத்துகிற தேவிகா அம்மா வீடு பார்த்துவிட்டார். ஒரு ரூம், தனி சமையல்கட்டு, வாசலில் குழாய். எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்குச் சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று எழுதினேன்.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டுங்கள். உரிவது முதுகோடு போகட்டும்.

ஐடா

*

சாம்பியன் ரீப்ஸ்
18 மார்ச் 2024

ஐடா,

மகாராணிப் பட்டமெல்லாம் எழுத இப்போது நேரமில்லை. உன் கடுதாசியைச் சேவலுக்கும் படித்துக் காட்டிவிட்டேன். மைசூரில் வீடு! சாம்பியன் ரீப்ஸுக்கு நேராய் வரக் கூச்சமாய் இருந்து, பக்கத்து மைசூரில் ரூம் எடுத்திருக்கிறாய். புரிந்தது. நல்லது. மைசூர் மைன்ஸ் இன்னா தூரமா? சைக்கிள் மிதித்தால் வியர்ப்பதற்குள் வந்துவிடும்.

எந்த லைன் வீடு என்று நீ எழுதவில்லை. நேற்று பூசை முடிந்து மைசூர் மைன்ஸ் முழுக்க லைன் லைனாய்ச் சுற்றினேன். வாசலில் குழாய் இருக்கிற வீட்டையெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு அம்மா யாரைத் தேடுகிறாய் என்று கேட்டாள். எங்க வீட்டம்மா இங்கே குடி வருகிறாள், எந்த வீடு என்று தெரியவில்லை என்றேன். "உங்க வூட்டம்மா எங்க குடி வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியாதா?" என்று கதவைச் சாத்தினாள். நியாயம்தானே.

என்னை உள்ளே கூப்பிட வேண்டாம் ஐடா. சாயங்காலம் வேலை முடிந்து வந்து வாசலில் நிற்பேன். நீ தண்ணி பிடிக்கிறதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். குடம் தூக்கச் சொன்னால் தூக்குவேன். இங்கே சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் உன் தட்டையும் வைக்கிறேன். அப்புறம் கழுவாமலே எடுத்து வைக்கிறேன். இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அடித்தால் காகிதம் அசிங்கமாகும்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு கூத்து. பானெட்டைத் தேய்த்து, பிசின் பூசி, லாக்கர் அடிக்கத் தயாராய் வைத்திருந்தேன். காற்றைப் பார்க்காமல் மத்தியானத்தில் ஸ்பிரே கன்னைத் தூக்கிவிட்டேன். சயனைட் மேட்டிலிருந்து ஒரு காற்று கிளம்பி வந்து, தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டின அந்தப் பழைய சுரங்க மண்ணை ஈர லாக்கர் மேலே தூவிவிட்டுப் போனது. வெள்ளைப் பெயிண்டு என்றால் தெரியாது. கறுப்புப் பின்னல் மேலே புட்டு மாவு சலித்த மாதிரி இருக்கிறது. ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். திரும்ப முதலிலிருந்து தேய்க்கிறேன். அதனால் என்ன? நீ மைசூருக்கு வருகிறாய்.

லைன் நம்பர் அனுப்பு.

ஹரோல்ட்

*

பெங்களூரு
20 மார்ச் 2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் எழுதியது அரண்மனை இருக்கிற மைசூர். தேவிகா அம்மா அங்கே புது ஹாஸ்டல் திறக்கிறார். சமையல் பொறுப்பு எனக்கு. நம் சுரங்க ஊரில் மைசூர் என்றால் மைசூர் மைன்ஸ்தான் என்பதை மறக்கிற அளவுக்கு நான் இங்கேயே இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

படித்ததும் முதலில் சிரித்தேன். ஸ்வீட்டி "இன்னாக்கா, இன்னா?" என்று கேட்டாள். நீங்கள் வாசலில் நிற்கிற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டு வரைக்கும் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை அவள்தான் படித்துச் சொன்னாள்.

நான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுதியது அது. வரவில்லை என்று தெரிந்துகொண்டு இப்போது எழுதுங்கள். குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் தேவிகா அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

சேவலிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள்.

ஐடா

*

சாம்பியன் ரீப்ஸ்
22 மார்ச் 2024

ஐடாவுக்கு,

நிறையக் காகிதம் கிழித்துவிட்டேன். எழுத எழுத அரண்மனையை வைத்து ஒரு ஜோக்கு வந்துவிடுகிறது.

காருச் சேதி சொல்கிறேன். இரண்டாம் தரம் தேய்த்தபோது பானெட் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புத் தண்ணி வந்தது. நிறுத்திவிட்டேன். விடியற்காலை காற்று எழும்புவதற்குள் தரையெல்லாம் தண்ணி தெளித்து லாக்கர் அடித்தேன். கிணற்றுத் தண்ணிக்குள் பார்க்கிற மாதிரி பின்னல் தெரிகிறது. அந்த ஓரம் மட்டும் மங்கல். ரிச்சர்ட் பார்த்துவிட்டு, "கறுப்புப் பெயிண்டு அடிச்சு மூடிடேன், யாருக்குத் தெரியும்" என்றான். முந்தி என்றால் அவன் சொல்வதற்கு முன்னாலேயே நான் மூடியிருப்பேன்.

"வேணாம்டா. அந்த எடம் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவன் அந்த ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

சுமாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் பேசு. நான் சும்மா உட்கார்ந்து கேட்கிறேன். அழ வந்தால் அழு.

சேவல் கூப்பிடவில்லை. கூரை கூப்பிடவில்லை. நான் கூப்பிடுகிறேன்.

வா.

ஹரோல்ட்

*

பெங்களூரு
25 மார்ச் 2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடுதாசியில் ஒரு ஜோக்குகூட இல்லை. உடம்புக்கு என்ன? மிளகுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள்.

நேற்று பூசை முடிந்து கையில் குருத்தோலையோடு தேவிகா அம்மாவிடம் போனேன். மைசூரில்தான் இருக்கப்போகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார். எந்த மைசூர் என்று அப்புறம் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். வேறு ஆள் வருகிற வரைக்கும் இருக்கச் சொன்னார். அதுவரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன்.

சாம்பியன் ரீப்ஸ் வீட்டுக்கு இப்போது வரமாட்டேன். அங்கே இன்னும் உங்கள் சிரிப்புச் சத்தம் நிறைய இருக்கிறது. மைசூர் மைன்ஸில் வீடு பாருங்கள். ஒரு ரூம், தனி சமையல்கட்டு, வாசலில் குழாய். கதவைச் சாத்தின அந்த அம்மாவிடமே கேளுங்கள், உங்களை மறந்திருக்க மாட்டார்.

சாயங்காலம் சைக்கிளில் வாருங்கள். வாசலில் நில்லுங்கள். குடம் தூக்கச் சொல்வேன். உள்ளே கூப்பிடுவது என் இஷ்டம்.

வரும்போது என் தட்டைக் கொண்டு வாருங்கள். கழுவி.

ஐடா