டிரேயின் ஓரத்தில் மூன்று தட்டு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், என் இடது கை மட்டும் நலமில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன், ஆனால் படித்து முடிக்கும்போது கலங்கிப்போவாய், அதனால் முதலில் உட்கார். மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் மீட்டிங்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். போனில் சொன்னால் நீ என்னைச் சமாதானப்படுத்தப் பார்ப்பாய், நானும் அழுது தொலைப்பேன். இது கையெழுத்தோடு காகிதத்தில் இருக்க வேண்டிய விஷயம். அப்பா இதைப் படம் பிடித்து இன்றே உன் போனுக்கு அனுப்புவார், அசல் கூரியரில் வரும்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். உன்னிடம் மறைத்தேன், சொன்னால் உடனே டிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிடுவாய். லீவு போடச் சொன்னார்கள், நான் கேட்டால்தானே, ஒற்றைக் கையோடு லேபுக்குப் போனேன். என் வேலை உனக்குத் தெரியும். கருங்கல்லைப் பொடித்துச் சலித்து, உங்கள் கலம் இறங்கப்போகிற, வேறொரு கிரகத்தைச் சுற்றும் அந்தச் சின்ன நிலாவின் மண் மாதிரியே ஒரு மண் செய்து, டிரேயில் நிரப்பி, காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு வட்டத் தகட்டை அழுத்தி எவ்வளவு புதைகிறது என்று பார்ப்பது. பதினோரு வருஷமாக நாலு மில்லிமீட்டருக்கு முன்னே பின்னேதான் புதைந்திருக்கிறது. ஒற்றைக் கையால் நிரப்பிய அன்று முப்பத்தொன்று. கருவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைப் பிடித்துக் கத்தினேன், அந்த மனுஷன் பொறுமையாக எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, கருவி மேல தப்பு இல்லக்கா, மண்ணைப் பாருங்க என்றார். மண்ணை மறுபடி சலித்தேன், ஈரம் பார்த்தேன், எடை போட்டேன், ஒரு வாரம் மண்டை காய்ந்தது. மறுபடியும் முப்பது, மறுபடியும் முப்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சர்க்கரையை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார், ஒரு கைப்பிடி பாக்கெட்டிலேயே நின்றுவிட்டது. நீ போட்டா முழுசும் கொள்ளுது, நான் போட்டா வழியுது, டப்பாவும் உன் கட்சிதான் என்று அலுத்துக்கொண்டார். ஓரத்துல நாலு தட்டு தட்டுங்க, அடங்கிடும் என்றேன். சொல்லிவிட்டு என் மாவுக்கட்டுக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா பயந்துபோய், கை வலிக்குதா என்று கேட்டார், எனக்கு வலித்தது கை இல்லை. சிட்டு, நான் வலது கையால் மண்ணைப் போட்டுக்கொண்டே இடது கையால் டிரேயின் ஓரத்தை மூன்று முறை தட்டுவேன். யாரும் சொல்லித்தரவில்லை, செய்முறைக் குறிப்பிலும் இல்லை, அந்தக் குறிப்பை எழுதியவளே நான்தான். அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லையே, எப்படி எழுதுவேன்? மறுநாள் மெக்கானிக்கைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் தட்ட, பிறகு தட்டாமல் விட என்று பதினேழு முறை அளந்தேன். தட்டினால் நாலு, தட்டாவிட்டால் முப்பதுக்கு மேல். அந்த நிலாவில் எடை என்பதே நம் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, மண் அங்கே எப்படிக் கிடக்கிறதோ எனக்கும் தெரியாது. ஆனால் தளர்வாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று அளப்பதுதான் என் வேலை. நான் இறுகிய மண்ணை அளந்துவிட்டுத் தளர்ந்த மண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அன்றே எங்கள் தலைவரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷ அறிக்கைம்மா, எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்தியிருக்காங்க, வருஷாந்தரக் கூட்டத்துல பக்குவமாச் சொல்லிக்கலாம், அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க, ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு என்றார். கெட்டவர் இல்லை, பயந்தவர். எனக்கும் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கூட்டம் நடக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, நீங்கள் இறங்குகலத்தின் கால் தகடுகளை முடிவு செய்வது வருகிற பதினாலாம் தேதி. நீதானே போனில் குதித்துக் குதித்துச் சொன்னாய், தகட்டைப் பெரிசாக வைக்கணும்னு ஒருத்தர் ஒத்தைக்கால்ல நின்னார்மா, நான் உங்க லேப் புதைவு அட்டவணையைக் காட்டி அவர் வாயை அடைச்சேன், அளந்தது எங்கம்மானு மட்டும் சொல்லலை என்று. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ வாயை அடைத்தது என் தப்பை வைத்து.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இதுதான். பின்னால் பதினேழு அளவுகளும் தேதியோடு இருக்கின்றன, மெக்கானிக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதை அப்படியே உன் மேலதிகாரியிடம் கொடு. அந்தப் பெரிய தகட்டுக்காரரிடம் நீயே போய், நீங்க சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடு. முகம் சிவக்கும், ரெண்டு நாள் சோறு இறங்காது, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. தலைவரிடம் இந்தக் கடிதத்தின் நகலை நாளைக் காலையில் நானே கொடுக்கப்போகிறேன், அதனால் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று நீ கணக்குப் போடாதே. எனக்கு வருவதை நான் பார்த்துக்கொள்வேன். அப்பாவும், என்ன ஆனாலும் வீட்டுல சர்க்கரை டப்பா நிரப்ப ஆள் வேணும் என்று கிண்டல் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் ரெண்டு நாளாகச் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் அண்ணன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு, என் மேல் கோபம் வந்தால் போன் செய்து நன்றாகத் திட்டு, ஆனால் கொடுத்த பிறகு திட்டு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து இதை மடித்து உள்ளே வைத்துவிடாதே. இங்கே நான் விழுந்தால் தூக்கிவிட அப்பா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான். அங்கே அந்தக் கால் புதைந்தால் தூக்கிவிட யாரும் இல்லையடி. நீ எந்த அறையில் எழுந்து நின்று பேசினாலும் உன் குரல் நடுங்காமல் இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். பதினாலாம் தேதி, மறக்காதே. அறிக்கையின் அடியில் வழக்கமாக எப்படிக் கையெழுத்துப் போடுவேனோ, அப்படியே இதிலும் போட்டிருக்கிறேன்.

அளவெடுத்தவர்,
உன் அம்மா