ஓரத்தில் ஏறிய சூடு

திருப்பூர்
வியாழக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஓர் அணு கனமே உள்ள கரிப்படலத்தின் நடுவில் ஒளி விழுந்தாலும் ஓரத்தில்தான் சூடு ஏறுகிறது, அதை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுப் படமாக்கினோம் என்று எழுதியிருந்தாய். ஏன் அப்படி என்று உனக்கும் விளங்கவில்லை என்றாய். இருபது வருஷமாகப் பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டராக இருக்கிற எனக்கும் விளங்கவில்லை.

அம்மா சுகம். என்னோடு பேசுவதுதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கேட்டுப் பல்லடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக வந்தார்கள். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில், நீ என்ன படிக்கிறாய் என்று காட்ட அந்தப் படத்தை எடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா நெடுநேரம் பார்த்தார்.

"இதக் கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறா?"

"தெரியல அண்ணாச்சி. அவளுக்கே இன்னும் தெரியல."

"அப்போ கல்யாணத்தோட படிப்ப நிறுத்திரலாம்லா?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவ அதத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா வரட்டும்" என்றுதான் வந்தது. அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தப் பையனை உனக்குப் பிடித்திருந்தது என்று அன்றைக்குச் சாயங்காலம்தான் அம்மா சொன்னாள். எனக்கு அது தெரியாது. நான் செய்தது சரியா தப்பா என்று நாலு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

நான் பல்லடம் போய்ப் பேசவா, சும்மா இருக்கவா? போனில் சொல்லாதே, பக்கத்தில் அம்மா இருப்பாள். எழுது.

இப்படிக்கு,
அப்பா