துவக்கில் வெட்டிய பெயர்

கொழும்பு
ஞாயிறு

அன்புள்ள றஞ்சிதம்,

நீயும் மகள் யசிந்தாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. மன்னார்க் கருவாடு இங்கே நன்றாகப் போகிறது.

உன் அப்பா பேரப்பிள்ளைக்கென்று வைத்திருந்த பழைய துவக்கைத் திருத்தி முடித்தாயிற்று, இந்தக் கடிதத்தோடு லொறியில் அனுப்புகிறேன். அவர் சுறா எண்ணெய் பூசிப் பூசி வைத்ததால் இரும்பு கெடவில்லை. திருத்திய காசிம் நானா, "மொதலாளி, கருவாட்டுக் கடைக்காரன்ட துவக்கும் கருவாடாத்தான் மணக்குது" என்று சிரித்தார். குழலை அடைத்துவிட்டார். இனிச் சுடாது, யசிந்தா பயமில்லாமல் வைத்திருக்கலாம்.

ஒரு பிழை நடந்துவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன். மரப்பிடியில் என்ன பெயர் வெட்ட என்று நானா கேட்டார். நான் ஏதோ யோசனையில் "பெனடிக்ற்" என்றேன். மகனைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருடமாகியும் வாய் பழகவில்லை. வெட்டிய பிறகுதான் கண்டேன்.

"அழிச்சுத் தரவா?"

"வேண்டாம் நானா. கீழ இடமிருக்குத்தானே, யசிந்தா எண்டும் வெட்டுங்கோ."

அழுகை வரவில்லை. பசித்தது, போய்ச் சாப்பிட்டேன்.

அண்ணன் பெயருக்குக் கீழே தன் பெயர் இருப்பதைப் பார்த்து யசிந்தா என்ன நினைப்பாளோ. நீயே பக்குவமாகச் சொல்லி வை.

லொறி திரும்பி வரும்போது கூழ் காய்ச்ச ஒடியல் மா கொஞ்சமும், பெனடிக்ற்றின் நீலச் சாரமும் கொடுத்துவிடு. இங்கே விற்கிற சாரம் ஒன்றும் எனக்கு உடுக்கச் சரிவருவதில்லை.

டிரைவர் ஹோர்ன் அடிக்கிறான்.

சவிரியான்

சாரத்தைத் தோய்க்க வேண்டாம்.