அத்தையின் காது

என்னங்க,

எழுதவே கை வலிக்கிறது. எல்லாம் உங்கள் கிட்டார் செய்த வேலை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, பாத்திரம் துலக்கும்போது உயிர் போகிறது.

அத்தைக்குப் பார்வை சுத்தமாக மங்கிவிட்டது. நீங்கள் வீட்டை விட்டுப் போனதை மறைத்து, வெளியூரில் வேலையாக இருப்பதாகச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. சாயங்காலமானால் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாடே வேண்டாம் என்கிறார்.

அதனால்தான் டிவியில் வந்த அந்தப் பழைய துப்பறியும் தொடரின் தொடக்க இசையை வாசிக்கப் பழகினேன். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் வாசிப்பீர்களே, அதேதான். நாள் முழுக்கத் தையல் மெஷினை ஓட்டிவிட்டு வந்து இது வேறு!

போன வாரம் ஒருவழியாகப் பிசகில்லாமல் வாசித்தேன். உள்ளேயிருந்து அத்தை கேட்டார்: "யாரும்மா அது? என் புள்ள இல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இசை மேலே ஏறும் இடத்தில் நீங்கள் எப்போதும் தப்பான தந்தியைத் தொட்டுவிடுவீர்கள். அப்புறம் முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

பிறகு உங்கள் தப்பைப் பழகினேன். சரியாக வாசிப்பதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

நேற்று அது கைக்கு வந்துவிட்டது. "வந்துட்டியாப்பா?" என்றார் அத்தை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு, "அவனுக்கும் எடுத்து வைம்மா, பசியோட வந்திருப்பான்" என்றார். சத்தம் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று தட்டை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

உங்களை வரச்சொல்லி இதை எழுதவில்லை. தட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களுக்குப் பதில் வாசிப்பவள்