எதிர்ப் பலகை

செப்டம்பர் 3, செவ்வாய்

போதும். நாற்பத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாகிவிட்டது.

காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் உஜ்வல் தன் கட்டுரையை எங்கள் செல்பேசிக் குழுவில் போட்டிருந்தான். புரூணையில், செரியா முகாமில், கூர்க்கா படைக்காரர்களின் பிள்ளைகளாக வளர்ந்த நாங்கள் எல்லோரும் டிசம்பரில் இங்கே நேபாளத்தில், தரானில் கூடுகிறோமாம். அதற்கு ஒரு மலர். முதல் கட்டுரை கேப்டன் மகன் உஜ்வலுடையது. வேறு யாருடையதாக இருக்கும்?

அதில் ஒரு பத்தி முழுக்க நான். ‘விமானத்திலிருந்து இறங்கியதும் நம் ஜகத் நேராக ஓடிப்போய் வேறொருவர் காலைக் கட்டிக்கொண்டு அப்பா என்றான். சொந்த அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.’ கீழே சிரிக்கும் மஞ்சள் முகங்கள், ஹாங்காங்கிலிருந்து, இங்கிலாந்திலிருந்து, வரிசை வரிசையாக. ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “அப்புறம் எந்த அப்பா வீட்டுக்குப் போனான்?”

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறேன். துறைத் தலைவர் நாற்காலியை என் பழைய மாணவனுக்குத் தூக்கிக் கொடுத்தபோதும் பேசாமல்தான் இருந்தேன். இவர்களுக்கு மட்டும் நான் இன்னும் அப்பாவை மாற்றிப் பிடித்த பையன்.

நானும் எழுதுவேன். தலைப்பு: மறுப்பு. முதலில் இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 4

பக்கத்து வீட்டுக்காரன் மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டான். தொட்டி வழிந்து தண்ணீர் முழுக்க என் சுவரில். அவனுக்கும் ஒரு மறுப்பு எழுத வேண்டும்.

செப்டம்பர் 7, சனி

நடந்தது இது.

கீழ்ப்பதவிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில், சேவைக்காலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதி. மூன்று வருடம். கேப்டன் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது; அவர்கள் படை போகும் ஊருக்கெல்லாம் கூடவே போவார்கள். உஜ்வல் நடை பழகியதே வெளிநாட்டில்தான். நான் ஆறு வயதில் போனேன். அதற்கு முன் அப்பா கடைசியாக விடுப்பில் வந்தபோது எனக்கு மூன்று வயது. முகம் எப்படி நினைவிருக்கும்? அம்மாவிடம் ஒரு படம் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்த அகலத் தொப்பி, கீழுதட்டுக்கு அடியில் தோல் வார். அந்தப் படத்தை எனக்குக் காட்டிக் காட்டித்தான் அம்மா சோறு ஊட்டினாள்.

மலையிலிருந்து நடை, பிறகு லாரி, பிறகு விமானம். விமானத்தில் அம்மா வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். தங்கச்சி அவள் மடியில். நான் வழி முழுக்க அழுதேன் என்று பிறகு சொன்னார்கள். இறங்கினால் வெயில், வியர்வை, ஏதோ எண்ணெய் நாற்றம். எதிரே ஒரு வரிசை ஆண்கள். எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே சாய்ந்த தொப்பி, ஒரே தோல் வார். அந்தப் படத்தைப் பத்துப் பிரதி எடுத்து நிறுத்தியதுபோல. ஆறு வயதுப் பையன் என்ன செய்வான்? முதலில் இருந்த காலைப் பிடித்தான்.

அது ஹர்கஜித் என்கிற லிம்பு இனத்துச் சிப்பாய். கல்யாணம்கூட ஆகாதவர். பெட்டி தூக்கும் வேலைக்கு வந்திருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும். என் அப்பா, கார்ப்பரல் மணிதோஜ் ராய், இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. லாரியில் செரியாவரை இரண்டு மணி நேரம் நான் ஹர்கஜித்தின் மடியில் வந்தேன். அப்பா எதிர்ப் பலகையில் உட்கார்ந்து வந்தார். ‘என் பையனைக் கொடு’ என்று கேட்கவே இல்லை.

உஜ்வல் எழுதாதது இதுதான். யாருக்கும் தெரியாததும் இதுதான். நான் மாற்றிப் பிடித்தேன், உண்மை. அவர் என்னை ஏன் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை?

செப்டம்பர் 14, சனி

மறுப்பு எழுத உட்கார்ந்தேன். வந்தது வேறு.

முகாமுக்குப் பின்னால் கடல். ஆற்றில் மிதந்துவந்த மரக்கட்டைகள் கரையில் யானை யானையாகக் கிடக்கும். அவற்றின் மேல் ஓடுவோம். சாலையோரம் எண்ணெய் இறைக்கும் இரும்பு இயந்திரங்கள் இரவு பகலாகத் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும். தங்கச்சி பள்ளி வண்டியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போடுவாள். அது பதிலுக்குத் தலையாட்டும்.

மூன்று வாரம் காட்டில் பயிற்சி முடித்து ஆண்கள் திரும்பும் நாள்தான் எங்களுக்குத் திருவிழா. அப்பாவின் காலில் அட்டை கடித்த இடங்கள், துணியில் அழுகிய இலை வாசனை. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, “வெளியிலயே கழட்டுங்க, உள்ள வந்தா என் வீடும் காடாயிடும்” என்பாள். அவர் பையைக் கவிழ்ப்பார். சாப்பிடாமல் மிச்சம் வைத்த பொட்டலங்கள் விழும். கல் மாதிரி பிஸ்கட், தகரத்தில் அடைத்த பாலாடைக்கட்டி, பழ மிட்டாய். பிஸ்கட்டை நான் கடற்கரையில் வாத்துக்குப் போட்டேன். வாத்தும் தின்னவில்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வாத்து தப்பிச்சிருச்சு. எங்களுக்கு வேற வழி இல்லடா” என்றார்.

மொட்டை வெயிலில் கூரையில்லாப் படக்கொட்டகைக்குச் சாயங்காலத்துக்கு இடம் பிடிக்கப் போவோம். கேப்டன்கள் வீட்டுக்கு முன்வரிசை நாற்காலி, எங்களுக்கோ அதற்குப் பின்னால் தரை. இதைத்தான் புகாராக எழுத நினைத்தேன். ஆனால் தரையில் படுத்துக்கொண்டு படம் பார்க்கலாம். நாற்காலியில் உஜ்வல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான், முதுகு ஒடிய.

இந்திரகலா தேநீர் கொண்டுவந்தாள். என் மனைவிக்குக் கதவு தட்டும் பழக்கம் கிடையாது.

“புகார் எழுதறேன்னுதானே உட்கார்ந்தீங்க?”

“ஆமா.”

“புகார் எழுதறவரு சிரிச்சு நான் பார்த்ததில்ல.”

செப்டம்பர் 15

நேற்று எழுதியது எதுவும் மறுப்பில் சேராது.

செப்டம்பர் 21, சனி

ஒன்றை மறந்துவிட்டேன். இது சேரும்.

பெரியவர்கள் இளையவர்களுக்குத் திலகமிட்டு ஆசி சொல்லும் பண்டிகை தசைன். அங்கே இருந்த மூன்று தசைனிலும் அப்பா எனக்குத் திலகமிட்டு முடித்த கையோடு, “போ, ஹர்கஜித்கிட்டயும் வாங்கிட்டு வா” என்று அனுப்பினார். வேறு எந்தப் பிள்ளையையும் எந்த அப்பாவும் இப்படிச் சிப்பாய்கள் குடியிருக்கும் கூடத்துக்கு அனுப்பவில்லை. நான் நெற்றியில் தயிர் அரிசித் திலகம் காயாமல் அந்த நீளமான கூடத்தில் கட்டில் கட்டிலாகக் கடந்து போவேன். “டேய், ரெண்டு அப்பன்காரன் வர்றான்” என்று கத்துவார்கள். குத்திக்காட்டத்தான் அப்பா அனுப்பினார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்று வருடம் முடிந்தது. அம்மாவும் தங்கச்சியும் நானும் மலைக்குத் திரும்பினோம். அவர் இன்னும் ஒன்பது வருடம் கடல்தாண்டி இருந்தார். ஓய்வு பெற்று வந்தபோது நான் கல்லூரி விடுதியில். பிறகு இரண்டு பேரும் மரியாதையாகப் பழகினோம். வானிலை, நெல் விலை, அவருடைய முழங்கால் வலி. அவர் இறந்து பதினான்கு வருடம் ஆகிறது.

அப்பாவென்று ஒருவர் என்னுடன் இருந்தது மொத்தம் மூன்று வருடம். அதிலும் முதல் இரண்டு மணி நேரத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டார். கஞ்சத்தனமாகத்தான் கணக்குப் பார்க்கிறேன். பொருளாதாரக்காரன்.

செப்டம்பர் 28, சனி

உஜ்வல் ஹாங்காங்கிலிருந்து கூப்பிட்டான்.

“டேய் ஜகத், கோவமா?”

“இல்லியே.”

“உன் இல்லியே எனக்குத் தெரியாதா? சரி கேளு. ஹர்கஜித் சித்தப்பா இங்கிலாந்துல குளிர் தாங்கலன்னு தரானுக்கே வந்துட்டாராம், மக வீட்டுக்கு. உன் வீட்டுலேர்ந்து நடந்தே போகலாம். டிசம்பர்ல அவரை மேடையில நிக்க வைக்கிறோம். நீ கீழேர்ந்து ஓடிவந்து காலைப் பிடிக்கிற. அவ்ளோதான். மண்டபமே அதிரும்.”

“எனக்கு மூட்டு வலி.”

“மெதுவா ஓடு.”

வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

நடந்தே போகலாமாம். ஆறு மாதமாக இங்கேதான் இருக்கிறாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேனா?

அக்டோபர் 2

துறைத் தலைவருக்குப் புது மேசை வந்திருக்கிறது. மாணவர்களுக்கு உட்கார இடமில்லை.

அக்டோபர் 8, தசைன்

காலையில் பெரிய மாமனார் வீட்டில் திலகம் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் இந்திரகலா நின்றுவிட்டாள்.

“இந்தச் சந்துலதானே அந்தப் பெரியவர் வீடு?”

“எந்தப் பெரியவர்?”

“உங்க இன்னொரு அப்பா.” முகத்தில் சிரிப்பே இல்லை. “நல்ல நாள். போயிட்டு வாங்க. நான் வீட்டுக்குப் போய் கறியைப் பார்க்கணும்.”

போனேன். வெராந்தாவில் நாற்காலி போட்டு, மூங்கில் குவளையில் கேழ்வரகுக் கள்ளை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சுருங்கிப்போய்விட்டார். காதில் கருவி. மகள் காதருகே குனிந்து, “மணிதோஜ் பெரியப்பா பையன்ப்பா” என்று கத்தினாள்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நேரா இங்க வந்துட்டியா, இல்ல பக்கத்து வீட்டுல யார் காலையாவது பிடிச்சிட்டு வர்றியா?”

சிரிப்பு வந்துவிட்டது. இதே கேலியை உஜ்வல் செய்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். குனிந்தேன். தயிர் அரிசியை நெற்றியில் அப்பினார். பாதி மூக்கில் விழுந்தது. எனக்கும் ஒரு குவளை வந்தது. முழங்கால், மருமகன், இங்கிலாந்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் கொடுமை எல்லாம் பேசினார். கேட்கவென்று நான் போகவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன்.

“சித்தப்பா, அன்னைக்கு எங்கப்பா என்னை ஏன் வாங்கிக்கல?”

“என்ன?”

இரண்டாம் முறை கத்திக் கேட்க வேண்டியிருந்தது. அதை இப்படித் தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன் என்று நினைத்ததில்லை.

குவளையைக் கீழே வைத்தார். “வாங்கிக்கலையா? யாரு சொன்னா? வந்தான்டா. நானும் உன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிக்கப் பார்த்தேன். நீ ஊரையே கூட்டினே. உங்கப்பனுக்குக் காது ரெண்டும் செவந்து போச்சு. வெள்ளைக்கார மேஜர் பார்க்கிறான், பசங்க சிரிக்கிறானுங்க. இவன் கையை இப்படிக் காட்டினான். விடுன்னு. ‘பையன் ஊர்லேர்ந்து அழுதுட்டே வந்திருக்கான், இப்பத்தான் நிக்குது. தூங்கட்டும். எனக்கு மூணு வருஷம் இருக்கு’ன்னான்.”

எனக்கு மூணு வருஷம் இருக்கு.

“லாரில வெளிய பார்ப்பான்னு நினைக்கிறியா? உன்னையே பார்த்துட்டு வந்தான். பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டா, ‘தலையைப் பிடி, தலையைப் பிடி’ன்னு என்னை அதட்டறான். பெத்தவன் மாதிரி நான் பிடிக்கணுமாம். எனக்குக் கல்யாணமே ஆகல.” சிரித்துச் சிரித்து இருமினார். மகள் முதுகைத் தடவினாள். “போதும்ப்பா” என்றாள்.

“இரு, முக்கியமானது இனிமேதான். மறுநாள் சாயங்காலம் துப்பாக்கி துடைச்சிட்டிருக்கேன். வந்து நிக்கிறான். ‘எப்படிப் பிடிச்சான், காட்டு’ன்னான். ‘என்ன பைத்தியமா கார்ப்பரல்’னேன். ‘வேடிக்கைக்குக் கேக்கலடா, காட்டு’ன்னான். என்ன பண்றது, பதவி அப்படி. மண்டி போட்டு அவன் முழங்காலைக் கட்டினேன். ‘இவ்ளோதானா?’ங்கறான். ‘இல்ல, இன்னும் இறுக்கம்’னேன். ‘அப்ப அப்படிப் பிடி’ன்னான். பிடிச்சேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னான். சமையக்காரன் அந்தப் பக்கமா வந்தவன் எங்களைப் பார்த்துட்டுத் திரும்பி ஓடிட்டான்.”

“தசைனுக்கு என்னை உங்ககிட்ட அனுப்பினாரே.”

“நான் வேணாம்னுதான் சொன்னேன். ‘பையன் ஓடிவந்து கட்டின உறவு, நான் ஏன் அறுக்கணும்? ஊர்ல உனக்குத்தான் யாரு இருக்கா’ன்னான். எனக்கு ஊர்ல யாரும் இல்ல அப்போ.”

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். எழுபது வயது விரல்கள். வலித்தது. “இதைவிட இறுக்கம்” என்றார்.

அக்டோபர் 9

எழுத வரவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது. நானே போய் நிறுத்தினேன். அவன் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து உள்ளே கூப்பிட்டான். கள் நன்றாகவே இருந்தது.

அக்டோபர் 12, சனி

அடித்து எழுதினேன். மறுப்பு என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். வாத்து இருக்கிறது. தலையாட்டும் இயந்திரங்கள் இருக்கின்றன. படக்கொட்டகை நாற்காலியையும் விடவில்லை. அதில் உஜ்வலுக்கு மன்னிப்பு கிடையாது.

லாரி வரும் இடத்தில் ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. ‘அப்பா எதிர்ப் பலகையில் உட்கார்ந்து வந்தார்’ என்று முடித்திருந்தேன். ‘என்னைப் பார்த்துக்கொண்டே’ என்று சேர்த்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மலரில் எல்லாக் கட்டுரைக்கும் கீழே பெயர், அப்பா பெயர், அப்பாவின் பதவி என்று போடுகிறார்கள். கேப்டன் மகன், சார்ஜண்ட் மகள். என்னுடையதில் மூன்றும் இல்லை. செல்பேசியில் அனுப்பினால் என் எண் தெரிந்துவிடும் என்று உறையில் போட்டுத் தபால்தலை ஒட்டினேன்.

“விழாக் குழு ஆபீஸ் நாலு தெரு தள்ளித்தான் இருக்கு. அதுக்குத் தபாலா?” என்றாள் இந்திரகலா. உறையைத் திருப்பிப் பார்த்தாள். “பேரும் போடல. யாரு எழுதினதுன்னு எப்படித் தெரியும்?”

“முதல் வரியிலயே தெரிஞ்சிடும்.”

“சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

ஹர்கஜித் சித்தப்பாவால் மேடையில் நிற்க முடியாது, நாற்காலி போடு என்று மட்டும் உஜ்வலுக்குச் சொன்னேன். இப்போது மழை விட்டிருக்கிறது. தபாலாபீஸ் மூடுவதற்குள் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.